வாவியில் எத்தனை வகை உயிர் இருக்கிறது என்று எப்படி அளப்பது?

ஓர் இடத்தின் உயிர்ப்பல்வகைமையை எப்படி அளக்கிறார்கள், அளந்தால் அதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் இலங்கையின் கிழக்குக் கரையில் கடலோடு சேரும் மட்டக்களப்பு வாவியை வைத்து. நான் இதில் ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டவன், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நாங்கள் நான்கு பேர் வாவியில் மீன் கணக்கெடுத்தோம். இரண்டு கிழமை, ஒரே வலை, விடியற்காலையில் மட்டும். கொப்பியில் 11 வகை சேர்ந்தது. கல்லடிப் பக்கம் தோணி விட்டுப் பழகிய பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கொப்பியைத் திறக்கவே இல்லை. "வலைட கண்ணப் பாத்தியா மனே?" என்றார்.

எங்கள் வலையின் கண் இரண்டரை அங்குலம். அதற்குள்ளால் நழுவிப்போகிற பொடி மீன் எதுவும் எங்கள் கணக்கில் இல்லை. இரவில் நடமாடுகிற இறாலும் இல்லை. 11 என்பது வலையின் கணக்கு, வாவியின் கணக்கு வேறு.

பிடிபடாததை மதிப்பிடவும் ஒரு வழி உண்டு. தைவானைச் சேர்ந்த புள்ளிவிபரவியலாளர் ஆன் சாவோ 1984இல் சொன்னது. ஒரேயொரு தடவை மட்டும் அகப்பட்ட வகைகளையும் இரண்டு தடவை அகப்பட்டவற்றையும் பார்க்க வேண்டும். ஒற்றையாய் வந்தவை நிறைய என்றால் இன்னும் பல வகை ஒளிந்திருக்கின்றன என்று பொருள். எங்களுக்கு ஒற்றை 4, இரட்டை 2. நான்கின் வர்க்கம் 16, அதை இரண்டின் இரு மடங்கான 4ஆல் வகுத்தால் 4. அதை எங்கள் 11உடன் கூட்டினால், ஆகக் குறைந்தது 15 வகை இருந்திருக்க வேண்டும். அதுகூட அந்தக் கண்ணுக்கு அகப்படக்கூடிய மீன்களுக்குத்தான். பெரியப்பா சொன்ன குறை சூத்திரத்தால் தீராது.

வகைகளை எண்ணினால் மட்டும் போதுமா என்றால், போதாது. இரண்டு கரைகளில் தலா 100 பறவை, தலா 4 வகை என்று வையுங்கள். ஒரு கரையில் நீர்க்காகம் 97, மற்ற மூன்றும் ஒவ்வொன்று. மறு கரையில் ஒவ்வொரு வகையும் 25. இரண்டும் ஒன்றா? எட்வர்ட் சிம்சன் 1949இல் இதற்கு ஓர் அளவு கொடுத்தார்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பறவையைத் தொட்டால் அவை வெவ்வேறு வகையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் கரையில் ஏறக்குறைய 0.06, மற்றதில் 0.76. வகைகளின் எண்ணிக்கையில் தெரியாத வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரிகிறது.

அப்புறம் பருவம். மாரியில் மழைத்தண்ணீர் வந்து உப்பு குறையும், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரம் திறந்தால் கடல்மீன் உள்ளே ஏறும். போன ஆனியில் எண்ணியதையும் இந்த மார்கழியில் எண்ணியதையும் ஒப்பிட்டு "கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, காப்பாற்றுவதற்கு வருவோம். இங்கே எதை எண்ணுகிறோம் என்பதே பெரிய சிக்கல். 2004 சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க, உப்புத்தண்ணீர்க் கரைகளில் வளரும் கண்டல் மரக்கன்றுகளை நட்டார்கள். இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை 3 இடங்கள்தான். தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு உப்பு, எந்த இனம் அங்கே தானாக வளரும் என்று பார்க்காமல் நட்டால் வேறென்ன நடக்கும்? எங்கள் கரையில் தில்லை என்ற கண்டல் மரம் தானாக முளைக்கிற இடத்தில் வேறொரு கன்றைக் கொண்டுவந்து ஊன்றிப் படம் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். நட்ட அன்றைக்கு எண்ணினால் எல்லாத் திட்டமும் வெற்றிதான். ஐந்து வருடம் கழித்து யாராவது போய் எண்ணுகிறார்களா என்று கேளுங்கள்.

நீங்களே தொடங்க நினைத்தால் பறவைதான் சுகம், வலை தேவையில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது, அதையொட்டி உங்கள் வீட்டுக்குக் கிட்டிய கரையில் ஓர் இடத்தைப் பிடியுங்கள். வருடாவருடம் அதே இடம், அதே நேரம், அதே அரை மணித்தியாலம். எத்தனை பேர் பார்த்தீர்கள், தொலைநோக்கி இருந்ததா, மழையா வெயிலா என்று மேலே குறியுங்கள். ஒன்றுமே வராத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள், பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறும் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு, பறவை வரவில்லையா நீங்கள் போகவில்லையா என்று தெரியாது.