விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய கைப்பேசி எண்? – கேள்வி பதில்

இணையவழி அரசுச் சேவைகள், மனுக்கள், கிராம சபை ஆகியவை குறித்து நெல்லை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சேரன்மகாதேவி வாசகர்: என் தகப்பனார் வாங்கிய 12 சென்ட் நிலத்துக்கு உட்பிரிவுப் பட்டா (பெரிய புலத்திலிருந்து பிரித்துத் தரும் தனிப் பட்டா) கேட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் இணையத்தில் விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு தகவலும் வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அதற்கு முன், அந்தத் தெரிந்தவர் விண்ணப்பத்தில் எந்தக் கைப்பேசி எண்ணைப் பதிந்தார் என்று விசாரியுங்கள். எழுதிக் கொடுப்பவர்கள் தங்கள் எண்ணையே பதிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நில அளவர் வரும் நாளும், ஆவணம் போதாமல் மனு தள்ளுபடியான செய்தியும் அவருக்கே போகும். நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒப்புகைச் சீட்டிலுள்ள விண்ணப்ப எண்ணை வாங்கிவிட்டால், மனு யாருடைய மேசையில் நிற்கிறது என்பதை நீங்களே இணையத்தில் பார்க்கலாம்.

முழுப் புலத்தையும் வாங்கி, விற்றவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் வாங்கியவருக்கு நில அளவர் வந்து அளந்தாக வேண்டும். வரப்பில் இறங்கி நிற்கும் கணினி இன்னும் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது தகப்பன் பெயர் மாறியும் பரப்பு குறைந்தும் எழுதப்பட்ட பதிவுகள், பிழையோடு கணினியில் ஏறியிருக்கின்றன. ஆகவே பழைய பத்திரத்தையும், ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முக்கூடல் வாசகி: அம்மா நாற்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார்கள். நியாயவிலைக் கடைக் கருவியில் கைரேகை விழுவதில்லை.

பதில்: இலையைச் சுருட்டிச் சுருட்டி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கூழாங்கல்லாகத் தேய்ந்திருக்கும். கடைக்காரர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு விரல்களையே கேட்கிறார்கள். மோதிர விரலையோ சுண்டு விரலையோ வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவாகத் தேயாத விரல்கள் அவை. கருவிழி பதியும் கருவி உள்ள கடைகளில் கருவிழியைப் பதியச் சொல்லிப் பொருள் வாங்கலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வதும் நல்லது. அப்போது யாருடைய கைப்பேசி எண்ணைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பத்தமடை வாசகர்: எங்கள் ஊரில் கிராம சபை ஏன் நடப்பதில்லை?

பதில்: உங்கள் ஊர் பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கு உரியது.

மானூர் வட்டார வாசகர், சென்னையிலிருந்து: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஊர் இளைஞர்களில் பாதிப்பேர் வெளியூரில் இருக்கும்போது, காணொளியில் கலந்துகொண்டு கைப்பேசியில் வாக்களிக்க வழி செய்தால் என்ன?

ராதாபுரம் வட்டார ஆசிரியை, மேற்படி கேள்வியைப் படித்துவிட்டு: குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் ஒருத்தி, குழாய் எங்கே வேண்டும் என்று முடிவு செய்கிறவர் சென்னையில் ஒருவரா? ஐயா இதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அரசியலமைப்பின்படி கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் அமைப்பு. தம்பி முதலில் தம் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்கட்டும். பெயர் இங்கேயே இருந்தாலும், கூட்டத்தில் உடம்போடு ஆட்கள் இருப்பதன் அவசியத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்கும் அரசு அலுவலராக, சென்ற ஒரு கூட்டத்தில், தீர்மானப் பதிவேட்டில் முக்கால் பக்கத்தைக் காலியாக விட்டு, அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘எழுதிட்டுக் கொண்டாங்க, அப்புறம் போடுதேன்’ என்றார். காணொளியில் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்காது.

ஆனால் ஆசிரியை அம்மா கதவை இறுக்கிச் சாத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சித் திட்டமும் செலவும் எவர் பார்வைக்கும் கிடைக்கின்றன. சென்னைத் தம்பி அதைப் பார்த்து, போடாத சாலைக்குப் பணம் போயிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஊரிலுள்ள அண்ணனிடம் கொடுத்து எழுந்து கேட்கச் சொல்லட்டும். பெரிய திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பைக் கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 மத்திய அரசு அறிவிக்கையிலும் இதே பிரிவினை உண்டு: பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு நேரடிக் கருத்துக் கேட்புக் கூட்டம், அக்கறை உள்ள மற்றவர்களுக்கு எழுத்து வழி.

அதே ஆசிரியை: எழுத்து வழி என்கிறீர்கள், எந்த மொழியில்?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 2020-இல் அந்த அறிவிக்கையை மாற்றும் வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இணையத்தில் கருத்துக் கேட்டோம் என்பவர்களிடம் தமிழ்ப் பிரதி எங்கே என்று கேட்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: தகவல் உரிமை மனுவை இணையத்தில் போடலாமா?

பதில்: போடலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காமல், இன்ன கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

நாங்குநேரி வாசகர்: திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரிடம் நேரில் மனு கொடுப்பது மேலா, முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் அழைப்பது மேலா?

பதில்: உங்களுக்கு எது வசதியோ அது. மனு எண் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

களக்காடு வாசகர்: பட்டாவுக்கு எழுதிப் போட்டு மூன்று மாதமாகிறது, தகவல் இல்லை…

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

திசையன்விளை வாசகர்: உட்பிரிவுப் பட்டா விஷயமாக, கடைக்காரத் தம்பிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார், ஆனால்…

பதில்: அந்தத் தம்பியின் எண்தான் விண்ணப்பத்தில் இருக்கிறது. இன்றே போய் ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள்.