வலைக்கதவைக் குளிர்கதவாக்க: வாசகர் கேள்விகள்

குளிர் தொடங்கியதும் ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களின் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான்: வெளிக்கதவுக்கு உள்பக்கம் இருக்கும் கொசுவலைக் கதவில் பிளாஸ்டிக் தகடு மாட்டிக் குளிரைத் தடுப்பது எப்படி?

கே: அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? (மிச்சிகன்)

பாலிகார்பனேட். அக்ரிலிக் விலை குறைவு, கீறலும் அவ்வளவாக விழாது. ஆனால் துளை போடும்போதே ஓரத்தில் விரிசல் விடும். வண்டி ஓடும் அதிர்வில் அது வளரும். பாலிகார்பனேட்டை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். புற ஊதாப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். தகட்டின் மேல் ஒட்டிவரும் தாளை உரிப்பதற்கு முன்பே ஓரத்தில் குறித்துவிடுங்கள். உரித்தபின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கே: 6 மி.மீ. தகடு போட்டால் இன்னும் கதகதப்பாக இருக்குமா?

சொல்லும்படி இருக்காது, கீல்தான் தொங்கும். 26க்கு 72 அங்குலக் கதவுக்கு 3 மி.மீ. தகடே 4 கிலோவைத் தாண்டும். அந்த மெல்லிய அலுமினியச் சட்டம் கொசுவலையைத் தாங்கச் செய்தது. குளிரைத் தடுப்பது தகட்டின் கனமல்ல, உள்ளே அடைபட்டு நிற்கும் காற்று. 4 மி.மீ. இரட்டைச் சுவர்த் தகடு (இரண்டு மெல்லிய சுவர், நடுவில் வரிசையாகக் காற்றுக் குழல்கள்) வாங்குங்கள்: மொத்தம் 1 கிலோதான், வெப்ப இழப்பும் ஒற்றைத் தகட்டைவிடக் கால் பங்குக்கு மேல் குறையும். வெளிக்காட்சி மங்கலாகத்தான் தெரியும். குழல்கள் மேலிருந்து கீழாக ஓடட்டும், உள்ளே சேரும் ஈரம் வடிய வேண்டும்.

கே: அச்சாக அளவெடுத்து வெட்டினேன். வெயில் பட்டதும் தகடு வில்லாக வளைகிறது. (கொலராடோ)

அச்சாக வெட்டியதுதான் தவறு. 6 அடித் தகடு 40 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 5 மி.மீ. நீளும். சுற்றிலும் இடம் விடுங்கள். துளை திருகைவிடப் பெரிதாக இருக்கட்டும், வாஷர் போட்டு லேசாக முடுக்குங்கள்.

கே: தகட்டை மாட்டக் காந்தப் பட்டை பிடிக்குமா?

அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. சட்டத்தில் முதலில் எஃகுப் பட்டை ஒட்ட வேண்டும்.

கே: தகடு போட்டும் காலடியில் சில்லென்று அடிக்கிறது. என்ன செய்ய?

இடுக்கை அடைத்தீர்களா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். முதலில் இடுக்கு, பிறகுதான் தகடு. வருடா வருடம் இதைச் சொல்கிறேன். காற்றடிக்கும் நாளில் ஹீட்டரை நிறுத்தி, ஊதுபத்தி ஒன்றைக் கதவோரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழும்பாமல் உள்பக்கம் சாய்கிற இடத்தில் ரப்பர் பட்டை போடுங்கள். கீழ் மூலையிலும் கீல் பக்கத்திலும்தான் பெரும்பாலும் சாயும்.

கே: ஸ்லைடரையும் (வலைக்கதவில் கைவிட நகர்த்தும் சிறு பலகை) சேர்த்து ஒரே தகடாக மூடிவிட்டோம். கூரை வென்ட்டிலும் (காற்றுப்போக்கி) நுரை அடைத்தாயிற்று. ராத்திரி கேஸ் அடுப்பைச் சின்னதாக எரியவிடுகிறோம். அப்படியும் சன்னலெல்லாம் தண்ணீர் வழிகிறதே? (அல்பர்ட்டா)

இதைப் படித்ததும் அடுப்பை அணையுங்கள். அது சமைக்க, அறையைச் சூடாக்க அல்ல. அடைத்த வண்டிக்குள் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். சன்னலில் வழியும் தண்ணீரும் பெருமளவு அந்த அடுப்பிலிருந்தே வருகிறது: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. வண்டியோடு வந்த ஃபர்னஸ் (கேஸ் ஹீட்டர்) வெளிக்காற்றை எடுத்து எரித்துப் புகையை வெளியே தள்ளும். அதைப் போடுங்கள், அதன் வெளிவாயை மூடாதீர்கள். கூரை வென்ட் ஒரு விரல் அகலம் திறந்தே இருக்கட்டும். மோனாக்சைடு அலாரத்தின் பின்னால் அச்சிட்ட காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

அடுத்தது ஸ்லைடர். வெளிக்கதவு சாத்தியிருக்கும்போது வலைக்கதவை மட்டும் தள்ளித் திறக்க முடியாது. இரண்டுமே வெளிப்பக்கம் திறப்பவை. வெளிக்கதவின் கைப்பிடிக்கு உங்கள் கை போக இருப்பது அந்த நகரும் பலகை ஒன்றுதான். என் முதல் டிரெய்லரில் நானும் அதன்மேல் தகடு போட்டேன். ஒரு ராத்திரி வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தது. புகைக்குள் கைப்பிடியைத் தேடினால் விரல் வழவழப்பான தகட்டில்தான் வழுக்கியது. கடைசியில் என் மனைவி தோளால் இடித்து மூலையைப் பெயர்த்தாள். மறுநாள் காலையிலேயே அந்த இடத்தை வெட்டி எடுத்தேன். தகட்டை இரண்டு துண்டாக்குங்கள்: ஸ்லைடருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்லைடர் பலகையின் மேலேயே தனியாகச் சிறு துண்டு ஒட்டினால் அதுவும் சேர்ந்து நகரும். கண்ணை மூடிக்கொண்டு திறந்து பாருங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் திறக்கச் சொல்லுங்கள்.

கே: கறுப்பு வெளிக்கதவு, தெற்கு வெயில். இரண்டையும் சாத்தி வைக்கலாமா?

வெயில் இருக்கும்போது வெளிக்கதவைத் திறந்து கொக்கியில் மாட்டுங்கள். தகடு வழியாக வரும் வெயில் இலவசச் சூடு.

கே: ஹேர் டிரையரால் சுருக்கும் பிளாஸ்டிக் படலம் போதாதா?

ஒரு குளிர்காலத்துக்குப் போதும். வலையில் ஒட்டாதீர்கள், சட்டத்தில் ஒட்டுங்கள். ஸ்லைடரை விட்டுவிட்டு.