கடைவீதிக்கு ஆண்டுக்கொரு போஸ்டர்: வாசகர் கேள்வி – பதில்

கே: மதுரை மாசி வீதிப் பக்கம் எங்கள் வியாபாரிகள் சங்கம். ஆண்டுதோறும் உள்ளூர் ஓவியர் ஒருவரை வைத்து எங்கள் கடைவீதிக்கென்று ஒரு போஸ்டர் போடலாம் என்று முடிவு. சித்திரைத் திருவிழாவுக்கு முன் வந்துவிட வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?
– சங்கச் செயலாளர் ஒருவர், மதுரை

ப: காலண்டரிலிருந்து. ஆடிப்பெருக்குக்கு மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து மார்கழி வரை சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் வேலை தலைக்கு மேல் இருக்கும். உங்கள் ஐந்நூறு போஸ்டரை அப்போது கொண்டுபோனால் ஓரமாகத்தான் வைப்பார்கள். தையில் அச்சு, மாசியில் கடைகளுக்கு விநியோகம் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். ஐப்பசியில் ஓவியரை முடிவு செய்துவிட வேண்டும். பென்சில் வரைவுக்கு மூன்று வாரம், ஓவியத்துக்கு ஆறு வாரம், எழுத்துக்கோப்புக்கும் புரூஃபுக்கும் (மாதிரி அச்சு) இரண்டு வாரம் கொடுங்கள்.

போட்டி வைத்து இலவசமாக வரைவு வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கைதேர்ந்தவர்கள் அதற்கு அனுப்ப மாட்டார்கள். மூன்று பேரை அழைத்து, வரைவுக்கென்றே ஒரு தொகை கொடுத்து, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. திருத்தம் எல்லாம் பென்சில் நிலையிலேயே முடிய வேண்டும். வண்ணம் தீட்டிய பிறகு "கோபுரத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். அதற்கு இடம் கொடுக்காமலிருக்க, வரைவில் இருவர் மட்டும் கையெழுத்திட்டு ஒப்புதல் தருவது என்று முன்பே தீர்மானம் போடுங்கள்.

கோபுரம் பற்றி ஒரு வார்த்தை. மதுரை என்று எந்தப் படம் போட்டாலும் அது வந்துவிடும். ஆனால் அது ஊருக்கு அடையாளம், உங்கள் வீதிக்கு அல்ல. சுங்குடிப் புள்ளியை வைத்தே ஒரு தாள் முழுவதையும் நிரப்பலாம். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பிய விளக்குத்தூண் இருக்கிறது. அதைச் சுற்றித் துணிக்கடைகள் இருப்பது மதுரைக்காரருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. போஸ்டர் தெரியாதவருக்குத்தான்.

கே: எந்த அளவில் அடிப்பது லாபம்? 20×30 அங்குலம் கேட்கிறார்கள்.

ப: 23×36 அங்குலத் தாளை நடுவில் வெட்டினால் 18×23, அதாவது டெமி, இரண்டு கிடைக்கும். துண்டு கழியாது; சிறிய ஆஃப்செட் மிஷினிலும் ஏறும். 20×30 என்றால் பெரிய மிஷின் தேட வேண்டும். டெமி தாளில் மிஷினின் கிரிப்பர் (தாளைப் பற்றி இழுக்கும் பிடி) பிடிக்கும் ஓரமும் கட்டிங்கும் போக, முடிந்த அளவு 17×22 என்று வையுங்கள். நாலு பக்கமும் 3 மி.மீ. பின்னணி நிறம் கூடுதலாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் கட்டிங் ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். ஸ்கேன், அச்சு அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 5100×6600 பிக்சலுக்குக் குறையக் கூடாது.

ஓவியர்கள் தவறவிடுவது விகிதத்தை. கடையில் கிடைக்கும் 22×30 வாட்டர்கலர் தாளில் முழுவதும் வரைந்து வந்தால், போஸ்டருக்கு உயரம் மிஞ்சும். 22 அங்குல அகலத்துக்கு இருபத்தெட்டரை அங்குல உயரமே போதும். முதலிலேயே பென்சிலால் கோடு போட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள். மேல் பகுதியில் எழுத்துக்கு இடம் விடவில்லை என்றால் முகத்தின் மேலேயே எழுத்து ஏறும்.

எண்ணிக்கை: பிளேட்டும் (அச்சுத் தகடு) மிஷின் செட்டிங்கும் நிலையான செலவு. 500-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தாள் விலைதான். நூறு, நூற்றைம்பதுக்கு மேல் வேண்டாம் என்றால் டிஜிட்டலில் போடுங்கள்.

கே: திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் ஊதாவாக வந்தது. அச்சகம் என்னைக் குறை சொல்கிறது, நான் அச்சகத்தை.
– ஓவியர், கும்பகோணம்

ப: இருவர் மேலும் முழுத் தவறில்லை. அல்ட்ராமரைன் நீலம் அச்சின் நான்கு வண்ண மைக்குள் (சியான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு) அடங்காது. சியானும் மெஜந்தாவும் சம அளவில் சேர்ந்தால் கண்ணுக்கு ஊதாதான். சியான் 100 சதவீதம் என்றால் மெஜந்தாவை 65-க்கு மேல் விடாதீர்கள். ஓரளவு மங்கும், ஆனால் நீலமாக நிற்கும். ஒளிரும் பிங்க்கும் ஆரஞ்சும் இதே கதைதான். அவை கட்டாயம் வேண்டும் என்றால் ஐந்தாவது தனி வண்ணம் போட வேண்டும். அதற்குத் தனி பிளேட், தனிக் காசு.

கறுப்பு எழுத்தை நான்கு வண்ணத்தில் விடாதீர்கள். ரிஜிஸ்டர், அதாவது நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, சிறிது விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு நிழல் தட்டும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும். பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 கொடுத்தால் ஆழமாக வரும். மேப்லித்தோ (பூச்சில்லாத சாதாரணத்) தாள் என்றால் அதையும் குறைக்க வேண்டும். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

புரூஃபை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சகத்தின் டியூப்லைட்டில் பார்த்து ஓகே சொன்னதுதான் பல சண்டைகளின் தொடக்கம்.

கே: தமிழ்த் தலைப்பில் கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து அச்சாகிவிட்டது. ஏன்?

ப: யூனிகோடைச் சரியாகப் படிக்காத பழைய மென்பொருளில் கோப்பு திறக்கப்பட்டிருக்கும், அல்லது எழுத்துரு அச்சகக் கணினியில் இருந்திருக்காது. பிடிஎஃப் ஆக்கும் முன் எழுத்து முழுவதையும் கோடுகளாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். அதற்குமுன் ஒரு பிரதி எழுத்தாகவே சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு தேதியை மட்டும் மாற்ற முடியாது.

தமிழுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். மேல் வரியின் 'கு', 'மூ' கீழே இறங்கும். கீழ் வரியின் 'கீ', 'ளி' மேலே ஏறும். இரண்டும் நடுவில் முட்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பொதுக் கணக்கு. எதிர்ச்சாரிக் கடையிலிருந்து தெரிய வேண்டும் என்றால் மூன்று அங்குலமாவது வேண்டும்.

கே: ஸ்பான்சர் கடைகள் நாற்பது. எல்லாப் பெயரும் வருமா?

ப: வரும், பின்பக்கத்தில். முன்பக்கம் போட்டால் அது போஸ்டர் அல்ல, கல்யாணப் பத்திரிகை.

கே: இரண்டு மாத வெயிலில் சிவப்பெல்லாம் போய் நீலம் மட்டும் மிஞ்சுகிறது. லேமினேஷன் போட்டும் பயனில்லை.
– பாத்திரக்கடை உரிமையாளர், திருச்சி

ப: வெயில் தாங்கும் சக்தியை 1 முதல் 8 வரை எண்ணும் ப்ளூ வூல் என்ற அளவுகோல் உண்டு. சாதாரண மெஜந்தாவும் மஞ்சளும் அதில் பெரும்பாலும் 5 அல்லது அதற்குக் கீழே. சியானும் கறுப்பும் 7, 8. அதனால்தான் முகம் நீலமாகிப்போகிறது. லேமினேஷன் மழைக்கு உதவும், வெயிலுக்கு அவ்வளவாக இல்லை. வெளியே மாட்டும் பிரதிகளுக்கு மட்டும் 'லைட்ஃபாஸ்ட்' மெஜந்தா, மஞ்சள் கேளுங்கள்; அச்சகம் வரவழைத்துத் தரும். மேற்கு பார்த்த கண்ணாடியைத் தவிருங்கள்.

சுவரில் ஒட்டுவதற்கு 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் பேப்பர் வேண்டாம், சுருண்டு கழன்றுவிடும். 80–90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும். பசை தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டு ஒட்டினால் தாள் நீள வேண்டிய அளவு நீண்டிருக்கும், கொப்புளம் வராது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பவர்கள் கையுறை போடட்டும், மாடு நக்கும் உயரத்தில் ஒட்ட வேண்டாம். சுவர் யாருடையதோ அவர் அனுமதி அவசியம். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கென்றே தமிழ்நாட்டில் இருக்கிறது.

கே: பணம் கொடுத்து வரைய வைத்தோம். அந்தப் படத்தைப் பையிலும் கப்பிலும் போட்டால் ஓவியர் ஆட்சேபிக்கிறார். முடியுமா?

ப: 1957 காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். கணினியில் வரைந்தது 'ஓவியம்'தானா என்று வழக்காட நேரம் வேண்டாம் என்றால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: எந்தப் படம், எந்தெந்தப் பொருளில், எத்தனை ஆண்டு, எந்த ஊர்வரை, எவ்வளவு தொகை. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவு ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும். காசு கொடுக்காத போட்டியில் வந்த படத்துக்கு உங்களுக்கு எந்த உரிமையும் தானாக வராது.

எல்லாம் எழுதி வாங்கினாலும் 57-ஆம் பிரிவு தரும் உரிமை ஓவியரிடமே இருக்கும். பெயரை எடுப்பது, கௌரவம் கெடும்படி வெட்டுவது கூடாது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அகற்றினார்கள். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கப்பில் சுற்றும்போது படத்தின் பாதியை வெட்டுவதற்கு முன் ஓவியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கே: வேறு ஊர்களில் இதை யாராவது செய்கிறார்களா?

ப: சான் பிரான்சிஸ்கோவில் நகரக் கலை ஆணையம் 1992 முதல் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு மார்க்கெட் தெருவின் பேருந்து நிறுத்தப் பலகைகளுக்குப் போஸ்டர் செய்விக்கிறது. அங்கே ஒரு ஓவியருக்கு ஒரு படம் அல்ல, ஒரு தொடர். தெருவில் நடந்துகொண்டே பார்க்கலாம். பத்துக் கடைக்கு ஒரே படம் ஒட்டுவதைவிட இது நம் வீதிகளுக்கும் பொருந்தும்.

கே: மிச்சப் பிரதிகளை என்ன செய்வது?

ப: ஐம்பதைச் சுருட்டாமல், தட்டையாக, கரையான் எட்டாத இடத்தில் வையுங்கள். நான்காம் ஆண்டு போஸ்டரை வாங்க வருபவர் முதல் ஆண்டுடையதையும் கேட்பார். மூலிகை உருண்டையோ பாச்சை உருண்டையோ தாளோடு ஒட்டாமல் துணியில் கட்டிப் போடுங்கள்.