நாற்பதோடு முடிந்துபோனவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சமூக உளவியலாளர் மேரி கெர்கன் பற்றி எழுதியிருந்தீர்கள். முதுமை ஒரு சமூகக் கட்டுமானம் என்பது அவர் கருத்து என்றீர்கள். எனக்கு வயது அறுபத்தொன்று. படியேறினால் மூட்டு வலிக்கிறது. இதையும் சமூகமா கட்டியது? ‘முதுமை இனிது’ என்பது வசதியுள்ள நாட்டுக்காரர்களின் ஆறுதல் பேச்சாகத்தான் எனக்குப் படுகிறது. இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூட்டு வலியைச் சமூகம் கட்டவில்லை. கெர்கனும் அப்படிச் சொன்னவர் அல்ல. உடம்பில் நடப்பது ஒன்று, அதை வைத்து ஒரு பெண்ணின் மிச்ச வாழ்நாளுக்கு ஊர் எழுதிவைக்கும் கதை வேறொன்று. அவர் நோண்டியது இரண்டாவதை.

வெறும் பேச்சுக்காரர் என்றும் நினைக்க வேண்டாம். சோதனைக்கூட உளவியலில் தொடங்கியவர். முன்பின் அறியாதவர்களை ஒரு மணி நேரம் கும்மிருட்டு அறையில் விட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்த சோதனையைக் கணவர் கென்னத் கெர்கனோடும் இன்னொருவரோடும் சேர்ந்து நடத்தி, 1973-இல் வெளியிட்டார். பெண்ணியத்துக்கும், மனிதர்கள் தம் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும் விதத்தை ஆராயும் கதையாய்வுக்கும் வந்தது பிறகுதான்.

1990-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘நாற்பதில் முடிந்தவர்கள்’ என்பது. வளர்ச்சி உளவியல் பெண்ணைக் கருப்பையை வைத்தே அளக்கிறது. பூப்பு, பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்பது, அதற்குப் பின் எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மிகையில்லை. வாழ்க்கைப் பருவங்கள் பற்றி 1978-இல் பெரும்புகழ் பெற்ற நூல் எழுதிய டேனியல் லெவின்சன், அதற்காகப் பேட்டி கண்ட நாற்பது பேரும் ஆண்கள். இத்தனைக்கும் முதுமை பற்றி ஆராய்ந்த உளவியலாளர் பெர்னிஸ் நியூகார்ட்டனின் குழு 1963-லேயே பெண்களிடம் கேட்டுப் பார்த்திருந்தது. மாதவிடாய் நிற்பதை இருட்டாகப் பார்த்தவர்கள் அந்த வயதை இன்னும் எட்டாத இளம்பெண்கள்தான். கடந்து வந்தவர்கள் அவ்வளவு மிரளவில்லை. ஆய்வு எங்கே என்றீர்களே, இதோ.

ஆனால் கெர்கனின் சிறந்த வேலை என்று நான் கருதுவது, புகழ்பெற்ற அமெரிக்கர்களின் சுயசரிதைகளை எடுத்துவைத்து அவர் செய்த வாசிப்பு. ஆண்களின் கதை ஒரே திசையில் ஓடுகிறது: இலக்கு, தடை, வெற்றி. குடும்பம் வழியில் வந்துபோகிறது. பெண்களின் கதையில் வேலையும் உறவும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. ஓபரா பாடகி பெவர்லி சில்ஸ், வயது இருபத்தெட்டு, பிள்ளை வேண்டும் என்று எண்ணி, இந்தத் தொழில் தேவைதானா என யோசித்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனோ, மனைவி ஆர்லின் இறந்ததும், அணுகுண்டு வேலை நடந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புகிறார். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே வேலை எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறார்.

இந்த இடத்தில் கெர்கன் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டார் என்பேன். சில மாதங்கள் கழித்து, கடையில் தொங்கிய உடையைப் பார்த்து, ஆர்லினுக்குப் பிடிக்குமே என்று நினைத்து அழுததையும் ஃபைன்மன் அதே நூலில் சொல்கிறார். 1946 அக்டோபரில், அதாவது அவள் போய்ப் பதினாறு மாதம் ஆன பின், அவளுக்கு ஒரு காதல் கடிதம் எழுதி உறையிலிட்டு ஒட்டிவைத்தார். அவர் 1988-இல் இறந்த பிறகே அது திறக்கப்பட்டது. துக்கம் இருந்தது, ஆண்பிள்ளைக் கதைக்குள் அதற்கு இடம்தான் இல்லை. யோசித்தால் கெர்கனின் வாதத்துக்கு இது இன்னும் வலுச் சேர்க்கிறது.

உங்கள் இரண்டாவது புகாரில் பாதி எனக்கும் உடன்பாடு. கணவன் மனைவி இருவரும் நடத்திய முதுமை பற்றிய செய்திமடல் நல்ல செய்தியாகப் பொறுக்கி எடுத்தது. சரிவை மட்டுமே அளந்துகொண்டிருந்த துறைக்கு ஒரு எதிர்க்கனம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அறுபத்தைந்து ஆனால் அரசு மருத்துவக் காப்பீடு தரும் நாட்டில் இருந்துகொண்டு எழுதியது அது. ஓய்வூதியம் இல்லாமல், மகன் வீட்டுத் திண்ணையில் மாத்திரைக் காசுக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் போய் மகிழ்ச்சியாக இருங்கள் என்றால், வலியோடு ஒரு கடமையும் சேர்ந்துகொள்ளும். கெர்கன் 2020-இல் காலமானார். அவர் எழுத்தில் இந்தப் பொருளாதாரக் கணக்கு எனக்குப் போதவில்லை.

படிக்க விரும்பினால் சுயசரிதைகள் பற்றிய கட்டுரையில் தொடங்குங்கள். 2001-இல் வந்த அவரது பெண்ணிய உளவியல் நூலின் கோட்பாட்டுப் பகுதிகள் முதல் வாசிப்பில் அலுப்பூட்டும், தாண்டிவிடலாம். மூட்டுக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.