வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கும் நூலகம் உண்டு: கேள்வி பதில்

குன்னூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் 24 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆன்லைனில் பட்டப்படிப்பு படிக்கிற நம் மலைப் பிள்ளைகள் நூலகம் பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

கோத்தகிரி, பி.ஏ. முதலாண்டு: அக்கா, நான் கேம்பஸ் பக்கமே போனதில்லை. எனக்கும் நூலகம் உண்டா?

உண்டும்மா. அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவி நீ, அதன் நூலகமும் உன்னுடையதுதான். வீட்டிலிருந்து நுழைய லாகின் எது, நூலகரின் மின்னஞ்சல் எது, நூலக அறிமுக வகுப்பு எப்போது என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிடு. வகுப்பு முடிந்திருந்தால் ரெக்கார்டிங் கேள். தயங்காதே, பதில் சொல்வது நூலகரின் வேலை.

பந்தலூர், எம்.காம்.: ஒரு கட்டுரையைத் திறந்தால் 40 டாலர் கேட்கிறது மேடம். கட்டலாமா?

கட்டாதீர்கள். கார்டு நம்பர் போடுவதற்கு முன் நூலகருக்கு ஒரு வரி எழுதுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேம்பஸுக்குள் இருக்கிறவரை அங்குள்ள இணைய முகவரியை வைத்து இதழின் தளம் அடையாளம் கண்டுகொள்கிறது. பந்தலூரில் உங்கள் போனிலிருந்து போனால் அதற்கு நீங்கள் யாரோ ஒருவர், அதனால்தான் காசு கேட்கிறது. நூலகப் பக்கத்தில் லாகின் செய்து அதன் வழியாகப் போங்கள், நூலகம் சந்தா கட்டியிருந்தால் அதே கட்டுரை திறந்துவிடும். உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் வருகின்றன, அதில் உங்களுக்கு எப்படி நுழைவது என்றும் கேளுங்கள். அதிலும் இல்லையா, கட்டுரைத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு எல்லாப் பதிப்புகளையும் பாருங்கள், ஆசிரியரே இலவசப் பிரதி வைத்திருக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும், திறந்த உடனே பி.டி.எஃப்.ஐ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர், பி.பி.ஏ.: பாஸ்வேர்டு ஏற்க மாட்டேன் என்கிறது.

பல்கலைக்கழகம் கொடுத்த மாணவர் மின்னஞ்சலைப் போடுங்கள், உங்கள் சொந்த ஜிமெயிலை அல்ல. பிரவுசிங் சென்டரில் என்றால் எழுந்து வருமுன் லாக்அவுட்.

ஊட்டி, எம்.ஏ. வரலாறு: நம் மாவட்டத்தின் பழைய வரலாற்றுக்கு 'உதகமண்டலம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒன்றுமே வரவில்லை டீச்சர்.

நல்ல கேள்வி தம்பி. பழைய புத்தகத்தை அது அச்சான காலத்து எழுத்துக்கூட்டில் தேட வேண்டும். பெய்கி என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1834-இல் எழுதிய நூலின் தலைப்பில் நம் மலை 'நீல்கெரீஸ்': என், இ, ஐ, எல், ஜி, எச், இ, ஆர், ஆர், ஐ, இ, எஸ். கிரிக் என்ற அதிகாரியின் 1880 மாவட்டக் கையேட்டில் 'நீலகிரி': என், ஐ, எல், ஏ, ஜி, ஐ, ஆர், ஐ. பிரான்சிஸ் என்ற அதிகாரியின் 1908 கெஜட்டியரில், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பில், இன்றைய 'நீல்கிரீஸ்'. ஊட்டிக்கு 'ஊட்டகமண்ட்', நம் மலையின் படுகர் மக்களுக்கு 'பர்கர்' (பி, யு, ஆர், ஜி, எச், இ, ஆர்) என்றும் போட்டுப் பார். இரண்டு வடிவத்துக்கும் நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் OR என்று சேர்த்தால் பெரும்பாலான தேடுபெட்டிகள் இரண்டையும் கொண்டுவரும். இந்தப் பழைய நூல்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே இருக்கின்றன.

கேத்தி, ஒரு பெரியவர்: வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் சிதைத்த பெயரை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, நியாயமா? எங்களைப் 'பர்கர்' என்று எழுதியதைப் படித்தாலே வயிறு எரிகிறது.

உங்கள் கோபம் நியாயம் ஐயா. தேடும்போது அவன் எழுத்து, எழுதும்போது நம் பெயர் என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். அந்த எழுத்தைப் போடாவிட்டால் நம் முன்னோரைப் பற்றி அவன் என்ன எழுதினான் என்று தெரியாமலே போகும், தெரியாமல் எப்படி மறுப்பது?

குன்னூர், பிஎச்.டி.: மேடம் சொல்வது சரி. நான் இப்படித் தேடித்தான் பாதி ஆதாரங்களைப் பிடித்தேன்.

மறுபடி கேத்திப் பெரியவர்: சரிம்மா, அப்படியானால் நூலகம் ஏன் நம் பெயரைச் சேர்க்கக் கூடாது? பிள்ளைகளே ஏன் வளைய வேண்டும்?

இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன் ஐயா. கேட்லாகில் ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் 'காண்க' குறிப்பு எங்கள் தொழிலில் பழைய வழக்கம். 'படுகர்' என்று தேடினாலும் 'பர்கர்' புத்தகம் வரும்படி செய்ய முடியும். மாணவர்கள் எழுதிக் கேட்டால் நூலகர் மறுக்கக் காரணமே இல்லை. ஊட்டித் தம்பி, முதல் கடிதம் நீ எழுது.

குந்தா, எம்.ஏ. தமிழ்: பிஎச்.டி. ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் சோத்கங்கா தளத்தில் தமிழ் ஆய்வேடு இறக்கினேன், உள்ளே தேடினால் சொல் சிக்கவில்லை.

ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தாகக் கொட்டினால் அதுதான். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் புரட்டுங்கள்.

கூடலூர்: லாகின் ஆகவில்லை. அருவங்காடு: லாகின் ஆகவில்லை.

மேலே கூடலூர் பி.பி.ஏ.வுக்குச் சொன்னதைப் படியுங்கள். இனி இதற்குத் தனியாக எழுத மாட்டேன்.

வெலிங்டன், எம்.பி.ஏ.: ஏ.ஐ. எனக்குப் பத்து மேற்கோள் எடுத்துக் கொடுத்துவிட்டது. அப்புறம் நூலகம் எதற்கு?

அந்தப் பத்தையும் நூலகத் தேடலில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கிடைக்காததை வெட்டுங்கள், கிடைத்ததைத் திறந்து படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் மட்டுமல்ல, உங்கள் பேரும் போகும்.

லவ்டேல், பி.எட்.: வீட்டில் படிக்க இடமில்லை அக்கா.

ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறதும்மா, அங்கே உட்கார்ந்து படிக்கலாம். 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் உறுப்பினர்களுக்கானது, விதிமுறை கேட்டுக்கொண்டு போ.

பந்தலூர், எம்.காம்.: மேடம், நூலகருக்கு எழுதினேன். சாயங்காலமே பி.டி.எஃப். வந்துவிட்டது.

ரொம்ப சந்தோஷம். அவருக்கு நன்றி சொல்லி ஒரு பதில் போடுங்கள், அடுத்த கட்டுரையையும் அவரிடமே கேளுங்கள்.