டோபிக்கடை டிரையர்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டோபிக்கடை நடத்துகிறவர்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் கேட்டவை. பெரும்பாலும் கடைகளில் இருக்கும் இரண்டடுக்கு 15 கிலோ கேஸ் டிரையரை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் மிஷினின் பின்னால் உள்ள தகட்டில் வேறு எண் இருந்தால், தகட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லிந்தாங் பக்கம் கடை வைத்திருக்கும் அக்கா: தம்பி, முன்பு முப்பது நிமிடத்தில் காய்ந்த துணி இப்போது ஐம்பது நிமிடம் ஓடியும் ஈரமாகவே இருக்கிறது. சூடு நன்றாக வருகிறது. பர்னரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

சூடு வருகிறது என்றால் பர்னரில் கை வைக்காதீர்கள் அக்கா. ஈரத்தைத் துணியிலிருந்து பிரித்து வெளியே கொண்டு போவது காற்று. அந்தக் காற்றைச் சூடாக்கித் தருவது மட்டும்தான் நெருப்பின் வேலை. 15 கிலோ டிரையர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் பத்து கன மீட்டர் காற்றை இழுத்து வெளியே தள்ள வேண்டும். அது பாதியாகக் குறைந்தால் டிரம்முக்குள் கொதிக்கும், துணி மட்டும் காயாது.

தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பஞ்சு வலை. பஞ்சை எடுத்த பிறகும் வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணி மென்மைக்குப் போடும் சாஃப்ட்னர், வலைக் கண்களில் மெழுகு போலப் படிந்து அடைத்துவிடும், கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். வலை மேல் தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்க வேண்டும். தேங்கி நின்றால் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கிழிந்த வலையை டேப் ஒட்டி ஓட்ட வேண்டாம். கிழிசல் வழியே போகும் பஞ்சு, காற்றை இழுத்துத் தள்ளும் புளோவரின் இறக்கையில் சுற்றிக்கொள்ளும், பிறகு முழு புளோவரையும் கழற்ற வேண்டி வரும்.

அடுத்து, ஈரக் காற்றை வெளியே விடும் எக்ஸாஸ்ட் குழாய். இதை அளந்து பார்க்கலாம், பெரிய கருவி வேண்டாம். மீன் தொட்டிக்கு விற்கிற, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப்பில் ஒரு மீட்டர் வாங்குங்கள். பலகை ஒன்றில் U வடிவமாக வளைத்துக் கட்டி, பாதி வரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். டிரையருக்குப் பின்னால் குழாயில் ஒரு சிறு துளை போட்டு, டியூப்பின் ஒரு முனையை அதில் வையுங்கள், மறுமுனை திறந்தே இருக்கட்டும். வலை சுத்தமாக, துணி போடாமல், டிரையரை ஓட விடுங்கள். பல டிரையர்கள் ஒரே பெரிய குழாயில் சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விட்டு அளக்க வேண்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். சில தயாரிப்புகளுக்கு 7.6 மில்லிமீட்டர் வரை சரி, சிலவற்றுக்கு 12.7 வரை விடுவார்கள். அதைத் தாண்டினால் அடைப்பு குழாயில், துளைக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிறது. அழுத்தம் மிகக் குறைவாக இருந்து காற்றும் பலவீனமாக வந்தால் குழாயில் குற்றமில்லை. வலை, புளோவர், அல்லது கடைக்குள் வரும் காற்றைப் பாருங்கள். அளந்த பிறகு துளையை அலுமினிய டேப்பால் மூடுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்: வெளியே தள்ளும் அளவு காற்று கடைக்குள் வர வேண்டும். ஏர்கோன் போட்டுக் கண்ணாடிக் கதவை அடைத்துவிட்டால் டிரையர் எங்கிருந்து இழுக்கும்? பின்கதவைத் திறந்து வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நேரம் குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கணக்கு இதுதான்: பர்னரின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 22 சதுர சென்டிமீட்டர் திறப்பு. 21 கிலோவாட் டிரையர் எட்டு இருந்தால் மொத்தம் 168 கிலோவாட், அதற்குச் சுமார் 3,700 சதுர சென்டிமீட்டர். அதாவது சுமார் 61-க்கு 61 சென்டிமீட்டர் திறந்த வாய். இரும்புச் சட்டகம் கால்வாசியை அடைத்துக்கொள்ளும் என்று வைத்து 70-க்கு 70 விடுங்கள்.

இவை மூன்றும் சரி என்றால் துவைக்கும் மிஷினின் சுழற்சியைப் பாருங்கள். அது சரியாகப் பிழியாமல் சொட்டச் சொட்ட வரும் துணிக்கு டிரையரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாலாக்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கடையில் வயரிங் வேலை நடந்தது. மறுநாள் ஆறு டிரையரும் சுற்றுகிறது, ஒன்றிலும் சூடு இல்லை. ஆறும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா?

கெடாது தம்பி. உங்களுடையது மூன்று ஃபேஸ் இணைப்பாக இருக்கும். வேலை முடிந்து கட்டும்போது இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கும். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, புளோவர் இறக்கையும் தலைகீழாகச் சுற்றுகிறது. தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வரும், ஆனால் காற்றோட்ட சுவிட்சை இழுத்து இணைப்பு கொடுக்கும் அளவுக்கு வராது. அந்த இணைப்பு கிடைக்காதவரை கேஸ் வால்வு திறக்காது. புளோவரின் மூடியில் உள்ள அம்புக்குறிப் பக்கம் இறக்கை சுற்றுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மெயினில் ஏதாவது இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். அதுவரை துவைக்கும் மிஷின்களையும் ஓட்டாதீர்கள். இன்வெர்ட்டர் இல்லாத பழைய மிஷின்களும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதே தம்பி: பழுது பார்க்க வந்தவர், காற்றோட்ட சுவிட்சில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சூடு வந்துவிடும் என்கிறார்.

வரும். அதைச் செய்ய விடாதீர்கள். காற்று இல்லாமல் பர்னர் எரிந்தால் தீச்சூடு டிரம்மின் பின்பக்கத்தில் தேங்கும், அங்கேதான் பஞ்சும் தேங்கியிருக்கும். சூடு அளவு மீறினால் அறுந்து பர்னரை நிறுத்தும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட்டுக்கும் இதே பேச்சுதான். அது அடிக்கடி அறுந்தால் அந்தச் சிறு வட்டில் குற்றம் இருப்பது அபூர்வம், காற்று குறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே யாராவது முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று உங்கள் ஆறு டிரையரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மசாஜ் நிலையத் துண்டுகளைத் துவைத்துக் கொடுக்கும் சகோதரி: காய்ந்து மடித்து வைத்த துண்டுக் கட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டால் இன்னும் சூடாக இருக்கிறது. ஒரு கருகல் வாடையும் வந்தது. நெருப்பே இல்லாத இடத்தில் இது எப்படி?

சகோதரி, இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கேள்விகளிலும் இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. துண்டில் மீந்திருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் பிறக்கிறது. டிரையர்ச் சூட்டில் அந்த வேகம் பல மடங்கு கூடும். துண்டை விரித்து வைத்தால் வெப்பம் போய்விடும். சூட்டோடு மடித்து அடுக்கினால் நடுவில் உள்ள வெப்பத்துக்கு வெளியேற வழி இல்லை. சூடு ஏற ஏற வேகமும் கூடும், கடைசியில் தானாகப் புகையும், பற்றும். பெரும்பாலும் கடையை மூடி எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் இது நடக்கும்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, ஆக்சிஜனோடு லேசில் சேராது. நல்லெண்ணெய் அப்படியில்லை, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுறாத கொழுப்பு. பாதாம் எண்ணெயும் அந்த வகைதான். சமையல் செம்பனை எண்ணெய் இரண்டுக்கும் நடுவில். தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து மூட்டையாக வரும் துண்டுகளும், சாப்பாட்டுக் கடைச் சமையலறைத் துணிகளும் இதே கவனிப்புக்கு உரியவை.

செய்ய வேண்டியது: எண்ணெய்த் துணியை மற்ற துணியோடு கலக்காமல் தனியாக, 60 டிகிரி வெந்நீரில், கொழுப்பைக் கரைக்கும் சோப்பைக் கூடுதலாகப் போட்டுத் துவையுங்கள். பிழிந்ததும் முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை இருந்தால் டிரையருக்குள் போகக் கூடாது, திரும்பவும் துவைக்க வேண்டும். குறைந்த சூட்டில் காய வையுங்கள். கடைசியில் வரும் குளிரூட்டும் நேரத்தைக் காசுக்காகக் குறைத்து வைக்காதீர்கள், துணி 38 டிகிரிக்குக் கீழே வரும் வரை சுற்றட்டும். எடுத்ததும் மேசையில் பரப்பி ஆற விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டுவது கைக்குக் குளிர்ந்த பிறகுதான். நடுவில் கரண்ட் போய் டிரையர் நின்றுவிட்டால் கரண்ட் வரும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே துணியை வெளியே எடுத்துப் பரப்புங்கள். அன்றைய கடைசி எண்ணெய்த் துணி, கடை மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே டிரையரை விட்டு வந்துவிட வேண்டும்.

ஆலை ஊழியர்: செம்பனை ஆலையில் மெஷின் துடைத்த துணி, டீசல் பட்ட சட்டை?

டீசல், பெட்ரோல், தின்னர் வாடை வரும் எதுவும் டிரையருக்கு ஆகாது, துவைத்த பிறகும் ஆகாது. ஆவி டிரம்முக்குள் நிறைந்து ஒரே பொறியில் வெடிக்கும். வெயிலில் காய வையுங்கள். ரப்பர் நுரைத் தலையணை, ரப்பர் அடிப்பாகம் வைத்த கால்மிதி ஆகியவற்றுக்கும் இதே விதி. சட்டைப் பையில் லைட்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சுவரில் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள்.

கடை முதலாளி ஒருவர்: மாலையில் கூட்டம் வரும்போது சுடர் மஞ்சளாகிறது, சூடு குறைகிறது. கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) அடிப்பக்கம் ஐஸ் பிடித்தது போல இருக்கிறது. கேஸில் கலப்படமா ஐயா?

அடியில் ஐஸ் பிடித்தால் கலப்படம் என்று எண்ண வேண்டாம் ஐயா. தோம்புக்குள் இருப்பது திரவம். அது ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோம்பின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து எடுக்கிறது. 21 கிலோவாட் பர்னர் முழுதாக எரிந்தால் மணிக்குச் சுமார் ஒன்றரை கிலோ கேஸ் போகும். எட்டும் சேர்ந்தால் 12 கிலோ. இரண்டு 50 கிலோ தோம்பு அந்த வேகத்துக்கு ஆவி தர முடியாமல் குளிர்ந்து உறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. தோம்பு பாதி காலியானால் இன்னும் மோசம், திரவம் படும் சுவர்ப்பரப்பு குறைந்துவிடுகிறது. வரிசையில் தோம்புகளைக் கூட்டுவதுதான் வழி. சிலர் வெந்நீர் ஊற்றுகிறார்கள், படுக்க வைக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் போகும். 14 கிலோ மானியத் தோம்பு வீட்டுச் சமையலுக்கு உரியது, டோபிக்கடைக்கு அதை வைக்கவே வேண்டாம்.

மஞ்சள் சுடர் வேறு விஷயம். அழுத்தம் குறைவதாலும் வரலாம், பர்னர் காற்றுத் துளையில் பஞ்சு அடைத்தாலும் வரலாம், கடைக்குள் காற்று போதாமலும் வரலாம். எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு பிறக்கும், அதற்கு வாடை கிடையாது. சுடர் நீலமாகும் வரை அந்த டிரையரை நிறுத்தி வையுங்கள். கேஸ் குழாய், ரெகுலேட்டர் வேலையை எரிசக்தி ஆணையமான சுருஹாஞ்சாயா தெனாகாவில் பதிவு பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். நீங்களே செய்யக்கூடியது சோப்பு நீர்ச் சோதனை: ஒவ்வொரு இணைப்பிலும் பூசி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு ஓடிக் கால்வாயில் தேங்கும். கசிவு அறியும் கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள், கூரையில் மாட்டினால் பயனில்லை.

இன்னொரு கேள்வி: டிரையர் பர்னரில் டிக் டிக் என்று பொறி வருகிறது, பற்றுகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது. மூன்று முறைக்குப் பிறகு எரர் காட்டுகிறது.

சுடர் இருப்பதை, பர்னர் அருகே உள்ள உணர் கம்பி உணரவில்லை. அந்தக் கம்பியை மெல்லிய ஸ்டீல் வூலால் துடையுங்கள். தீராவிட்டால் எர்த் வயரைப் பாருங்கள், துருப்பிடித்த எர்த் இணைப்பு இருந்தால் சுடர் எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது. பொறியே வராவிட்டால், பொறி தாவும் இடைவெளி 3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்ஸாஸ்ட் குழாய் முனையில் மைனா கூடு கட்டாமல் இருக்கக் கம்பி வலை போடலாமா?

போடவே கூடாது, ஒரே மாதத்தில் பஞ்சு அந்த வலையை மூடிவிடும். கீழ்நோக்கி வளைந்த முனை வையுங்கள், வாரம் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். குழாய் இணைப்பில் உள்ளே நீட்டும் ஸ்குரூவும் வேண்டாம், பஞ்சு அதில் மாட்டிக்கொண்டு வளரும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான தங்கை: பின்பக்க மூடியைத் திறந்து பஞ்சு எடுக்கச் சொல்கிறார்கள். எப்படிப் பத்திரமாகச் செய்வது அண்ணே?

ஸ்டாப் பட்டனை அழுத்துவது மட்டும் போதாது அம்மா. அந்த டிரையருக்குக் கரண்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை தொங்கட்டும். அந்த டிரையரின் கேஸ் வால்வைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்புங்கள். அரைமணி நேரம் ஆற விடுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், ஓடக் கூடாது. டெஸ்டரால் வயரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யும் வேலை தெரிந்தவருடையது, அவர் பார்த்த பிறகு கை வையுங்கள். பஞ்சை வேக்கூமால் உறிஞ்சி எடுங்கள். காற்றுக் குழாயால் ஊதினால் அது போர்டிலும் பர்னரிலும் போய் உட்காரும். வலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு வெப்ப உணரியை மென்மையாகத் துடையுங்கள், அதன்மேல் பஞ்சு போர்த்தியிருந்தால் மிஷின் சூட்டைக் குறைவாக அளந்து அதிகமாக எரிக்கும். வலையை நாளுக்கு மூன்று நான்கு முறை, மோட்டார் பகுதியை மாதம் ஒரு முறை, முழுக் குழாயையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

டிரம்முக்குள் புகை வந்தால்?

கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்று கிடைத்து நெருப்பு முகத்தில் வீசும். கேஸ் மெயின் வால்வு, கரண்ட் மெயின், ஆட்கள் வெளியே, பிறகு 999. கேஸ் மெயின் வால்வு எங்கே என்று வேலையாள் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈப்போவிலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆகிறது. என்னென்ன ஸ்பேர் வைத்துக்கொள்ள?

டிரம் பெல்ட் இரண்டு, பஞ்சு வலை இரண்டு, பொறிக் கம்பி, கதவு சுவிட்ச், காற்றோட்ட சுவிட்ச், ஹை லிமிட் ஒவ்வொன்றும் ஒன்று. பெல்ட் கீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள், இழுவையைப் பாருங்கள், விளிம்பு வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஹை லிமிட் வாங்கும்போது பழையதின் முதுகில் அச்சடித்த எண்ணைப் படம் எடுத்துக் கொண்டு போங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் அறுபடும் சூடு வேறாக இருக்கும், அளவு கூடியதை மாட்டினால் அது இல்லாததற்குச் சமம்.