சிங்கப்பூரைவிடக் கோலாலம்பூர் கட்டடங்கள் ஏன் உயரம்?

சிங்கப்பூரிடம் இல்லாத பணமா, அப்புறம் ஏன் உயரத்தில் கோலாலம்பூர் முந்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் விமானப் பாதை. பாய லேபார் விமானப்படைத் தளம் நகருக்குள்ளேயே இருப்பதால், நகர மையத்தில் 280 மீட்டர்தான் உச்சவரம்பு என்று பல ஆண்டுகள் இருந்தது. நகர மையத்து ராஃபிள்ஸ் பிளேஸில் நின்று அண்ணாந்து பாருங்கள்: சில கோபுரங்கள் வரம்பைத் தொட்டபடி, தலையை ஒரே மட்டத்தில் சீவிவிட்டதுபோல நிற்கும். 2016இல் வந்த குவோகோ டவர்தான் அதைக் கொஞ்சம் தாண்டியது.

கோலாலம்பூரில் பழைய குதிரைப் பந்தயத் திடலில் எழுந்த பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். அதே நகரின் மெர்டேக்கா 118 கோபுரம் ஏறக்குறைய 679 மீட்டர். இரண்டுக்கும் பின்னால் அரசு சார்ந்த நிறுவனங்களின் பணம் இருக்கிறது. அதனால் உயரத்தை மட்டும் வைத்து எந்த நகரம் அதிகம் வளர்ந்தது என்று சொல்வது சரியில்லை என்பேன். 2030களில் பாய லேபார் தளம் இடம் மாறத் தொடங்கும், வரம்பும் தளரும்.